பொருந்துவதெல்லாம் சரியாகுமா?
பழைய கணினிக் கருவிகளின் முனைகளை அறியும் வழி



உங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பழைய கைத்தொலைபேசியின் அடாப்டர் ஒன்று, எப்போதோ செத்துப்போன வானொலியின் அடாப்டர் ஒன்று, எதற்கு உரியது என்றே தெரியாத கறுப்பு வயர் இரண்டு. எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். "என்றைக்காவது உதவும்" என்று எடுத்து வைத்திருப்போம். அந்த "என்றைக்காவது" வரும் நாளில்தான் ஆபத்தும் வருகிறது. பிளக்கு துளைக்குள் நுழைந்துவிட்டால் போதும், சரியான பிளக்குதான் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அப்படி நம்பி ஒரு கருவியை எரித்தவன் நான். நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியன், பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்றவன், பிள்ளைகளுக்கு அறிவியலும் சொல்லிக் கொடுப்பவன். ஆகவே வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு மகனின் கேள்வி

பேராக்கில் செம்பனைக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. முன்னாளில் அது பால்மரத் தோட்டம். லயங்கள் போய்விட்டன. குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குச் சிதறிவிட்டன. பள்ளி மட்டும் நிற்கிறது.

ஒருநாள் மாலை பழைய மாணவர் ஒருவர் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். எனக்கு முன்பிருந்த ஆசிரியர்களிடம் படித்தவர். அவருடைய தாயார் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். மகன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டிலிருந்த படங்களை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"சார், விளையாட்டுப் போட்டி நாளில் எல்லாரையும் படம் எடுப்பாங்களே, பள்ளிக்கூடத்துல இருக்குமா? என் மகள் பாட்டி எப்படி இருப்பாங்கன்னு கேட்கிறாள். காட்ட ஒரு படம்கூட இல்லை" என்றார்.

காகிதப் படங்களைக் கறையான் தின்று பல ஆண்டுகள் ஆயிற்று. ஆனால் 1999-இல் இருந்த தலைமையாசிரியர் அவற்றை வருடி எடுத்து நான்கு தட்டுகளில் சேமித்திருந்தார். நீலநிறப் பெட்டியில் போடும் 'சிப்' தட்டுகள் அவை.

இளையவர்களுக்கு ஒரு விளக்கம். 'சிப்' என்பது 1990-களின் நடுவில் ஐயோமேகா நிறுவனம் கொண்டுவந்த வெளிக்கருவி. ஒரு தட்டில் 100 மெகாபைட் கொள்ளும். அன்றைய சாதாரண நெகிழ்தட்டில் 1.44 மெகாபைட்தான். ஏறத்தாழ 70 நெகிழ்தட்டுகளின் சுமையை ஒரே தட்டில் ஏற்றிவிடலாம். அந்நாளில் அது பெரிய காரியம். இன்றைய பேனா நினைவகத்துக்கு முன்னே அது ஒன்றுமில்லை.

கருவி எங்கள் சாமான் அறையில் இருந்தது. அதற்குரிய அடாப்டரைத்தான் காணவில்லை.

நான் செய்த தவறு

அட்டைப்பெட்டியில் எட்டு அடாப்டர்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைத் தட்டினேன். பச்சை விளக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைந்தது. பிறகு ஒரு வாடை. கருகிய வாடை.

கருவியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் 5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. என் கையிலிருந்த அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தது. இரண்டு எழுத்துகளும் முன்பே அங்கேதான் இருந்தன. நான்தான் படிக்கவில்லை. பிள்ளைகளிடம் "கேள்வியை முழுக்கப் படித்துவிட்டு விடை எழுது" என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்!

நல்லவேளையாகத் தட்டை உள்ளே போடவில்லை. படங்கள் தப்பின. படிக்கும் கருவிதான் போயிற்று.

இரட்டைப் பிள்ளைகள்

ஈப்போவின் பழம்பொருள் சந்தையில் தேடியபோது ஒரு கடையில் இரண்டு சிப் கருவிகள் இருந்தன. ஒரே நீலம், ஒரே உருவம். பின்புறத்தில் இரண்டிலும் 25 ஊசி முனைகள். எது கிடைத்தாலும் சரி என்று இரண்டையும் வாங்கினேன். இம்முறை சுயபுத்தியை நம்பவில்லை. பட்டணத்தில் நாற்பது ஆண்டுகளாக வானொலி பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரே, கதவு திறந்திருக்குன்னு யார் வீட்டுக்குள்ளேயும் நுழைஞ்சிடலாமா? யார் வீடுன்னு முதல்ல கேட்க வேண்டாமா?"

அன்று அவர் கற்றுத் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

லயத்து வீட்டு எண்கள்

கணினி முனை என்பது நம் பழைய லயம் மாதிரி. 25 ஊசி முனையில் இரண்டு வரிசை: மேல் வரிசையில் 13 வீடு, கீழ் வரிசையில் 12 வீடு. மேலே 1 முதல் 13 வரை. கீழே 14 முதல் 25 வரை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை. ஒன்று மின்சாரம் கொண்டுவரும். ஒன்று செய்தி கொண்டுபோகும். ஒன்று 'எர்த்' எனப்படும் திரும்பும் வழி. எந்த எண்ணில் எந்த வேலை என்று சொல்லும் வரைபடமே ஊசிப் பட்டியல்.

லயத்தின் அமைப்பு ஒன்றாக இருந்தாலும் குடியிருப்பவர் வேறு அன்றோ? அதே 25 ஊசி முனையை மூன்று வெவ்வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

முதலாவது, ஐ.பி.எம். வகைக் கணினிகளின் அச்சுப்பொறி வழி. அங்கே 2 முதல் 9 வரை உள்ள எட்டு ஊசிகள் செய்தியைச் சுமக்கும். 18 முதல் 25 வரை எட்டும் எர்த். 5 வோல்ட் அளவில் இயங்கும். கணினியின் பின்புறம் இது துளைகளாக இருக்கும்.

இரண்டாவது, தொடர்வழி. மோடம் போன்றவற்றுக்கு உரியது. 2-ஆம் ஊசியில் செய்தி போகும், 3-இல் வரும், 7 எர்த். கணினியின் பின்புறம் இது நீட்டிய ஊசிகளாக இருக்கும். இதில் 12 வோல்ட் வரைகூட ஓடும். எர்த்துக்கு மேலாகவும் ஓடும், கீழாகவும் ஓடும். 5 வோல்ட் கருவியை இதில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 'ஸ்கஸி' என்ற வழி. 1986-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் பிளஸ் கணினியில் இதற்கு 25 துளை முனையை வைத்தார்கள். பார்த்தால் அச்சுப்பொறித் துளையேதான். ஆனால் இங்கே எர்த் இருப்பது 7, 9, 14, 16, 18, 24 ஆகிய வீடுகளில். அச்சுப்பொறி வழியில் எர்த் இருக்கும் 19, 20, 21, 22, 23-ஆம் வீடுகளில் இங்கே செய்தியும் கட்டளையும் குடியிருக்கின்றன. ஒன்றின் வயரை மற்றொன்றில் மாட்டினால் பேச வேண்டியவர் வாயைப் பொத்தியது போலாகும். சில வேளை உள்ளிருக்கும் சில்லும் போய்விடும்.

நான் வாங்கிய இரண்டில் ஒன்று அச்சுப்பொறி வழிக்கு உரியது, மற்றொன்று ஸ்கஸி. எப்படிக் கண்டுபிடித்தார்? ஸ்கஸி கருவியின் பின்புறத்தில் 5, 6 என்ற எண்களுக்கு இடையே நகரும் சிறு சுவிட்சு இருந்தது. மற்றொன்றில் அது இல்லை. ஒரு முனையின் அருகே அச்சுப்பொறிப் படம் பொறித்திருந்தது.

"கண் சொன்னது போதாது. இன்னொரு சாட்சி வேணும்" என்று மல்டிமீட்டரை எடுத்தார். மின்சாரம் எதிலும் இல்லை. மீட்டரை 'பீப்' ஒலி எழுப்பும் நிலையில் வைத்தார். ஒரு கம்பியை இரண்டு வழியிலும் எர்த்தாக உள்ள 18-ஆம் எண்ணில் தொட்டார். மற்றக் கம்பியை 19, 20, 21 என்று நகர்த்தினார். ஒரு கருவியில் 25 வரை வரிசையாக 'பீப், பீப்' என்றது. மற்றொன்றில் 19 முதல் 23 வரை மௌனம். 24-இல்தான் குரல் வந்தது. இரண்டு சாட்சியும் ஒத்துப் போயின.

முன்வாசலா, பின்வாசலா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். லயத்தை முன்வாசலில் நின்று பார்த்தால் முதல் வீடு இடப்பக்கம். கொல்லைப்புறம் நின்று பார்த்தால் அதே வீடு வலப்பக்கம். முனைகளும் அப்படித்தான். நீட்டிய ஊசி முனையை நேரே பார்த்து, நீண்ட வரிசை மேலே இருக்குமாறு பிடித்தால், 1-ஆம் எண் இடக்கோடியில் இருக்கும். துளை முனையை அதேபோல் பார்த்தால் 1-ஆம் எண் வலக்கோடியில் இருக்கும். ஈயம் வைக்கும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபடி மாறும்.

ஆகவே எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் "இது எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது?" என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். பெரும்பாலான முனைகளில் ஊசியின் அருகிலேயே எண்களைப் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள்.

வட்ட முனைகள் இன்னும் பொல்லாதவை. ஐந்து ஊசி வட்ட முனையில் எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வருவதில்லை. 1, 4, 2, 5, 3 என்று வரும். 1982-இல் வந்த கொமடோர் 64 கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1541 தட்டுக் கருவிக்கு ஆறு ஊசி வட்ட முனை: 2 எர்த், 3 கவனம் கோரும் வயர், 4 தாளம் போடும் வயர், 5 செய்தி, 6 மறுதொடக்கம். அதே கணினியின் மின்சார முனையும் வட்டம்தான். அதில் 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் ஒரே பிளக்கில் வருகின்றன. வட்டம் என்ற ஒரே ஒற்றுமையை நம்பி வயர் செய்தால் கணினி கதை முடிந்தது.

அடாப்டரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இனி வருவது கணினி இல்லாத வீட்டுக்கும் உதவும்.

1. எத்தனை வோல்ட்? கருவியில் எழுதியதும் அடாப்டரில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. நேர்மின்சாரமா, மாறுமின்சாரமா? நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுப் போட்ட கோடும் இருந்தால் நேர்மின்சாரம். அலைபோல் வளைந்த குறி இருந்தால் மாறுமின்சாரம். அடாப்டரில் உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டு வரி இருக்கும். வெளியே போகும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

3. கூட்டல் எங்கே, கழித்தல் எங்கே? நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வாய்திறந்த வளையம், இரு பக்கமும் கூட்டல் கழித்தல் குறிகள் உள்ள சிறு படம் இருக்கும். நடுப்புள்ளியோடு சேர்ந்த குறி பிளக்கின் உள்துளைக்கு உரியது. கருவியிலும் அடாப்டரிலும் இந்தப் படம் ஒத்திருக்க வேண்டும்.

4. எத்தனை ஆம்பியர்? அடாப்டரின் எண் கருவி கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம்; குறைவாக இருக்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தால் குடிப்பவருக்குக் கெடுதல் இல்லை, வேண்டியதைத்தான் குடிப்பார். வோல்ட் என்பது குழாயில் தண்ணீரின் அழுத்தம். அது மிகுந்தால் குடத்தை உடைத்துவிடும்.

எழுத்து அழிந்துபோன அடாப்டரை மீட்டரால் அளக்கலாம். பழைய கனத்த அடாப்டர்கள் கருவியோடு சேராதபோது எழுதியதைவிடக் கூடுதலாகக் காட்டும். 9 வோல்ட் என்று எழுதியது 12-க்கு மேலும் காட்டலாம். அது பழுதல்ல, அந்த வகையின் இயல்பு. புதிய இலேசான அடாப்டர்கள் எழுதியதை ஒட்டியே காட்டும்.

கருவியில் எழுத்து அழிந்திருந்தால் பெரியவர் சொன்ன வழி இது: மின்சாரம் இல்லாத நிலையில் பலகையைப் பாருங்கள். உருளை வடிவ மின்தேக்கிகளின் ஒரு பக்கத்தில் பட்டை போட்டிருக்கும். பட்டைப் பக்கம் கழித்தல். அதோடு எந்த ஊசி 'பீப்' என்று சேர்கிறதோ, அது பெரும்பாலும் எர்த். 7805 என்று எழுதிய மூன்று கால் பாகம் இருந்தால் அதன் நடுக்கால் எர்த், எழுத்து நம்மைப் பார்த்திருக்க வலக்கால் 5 வோல்ட். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் பட்டியலின் பாதி கைக்கு வந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. சுவரில் வருவது 230 வோல்ட். அடாப்டரின் உள்ளே கைவைக்கக் கூடாது. வயரைச் செருகுவதும் பிடுங்குவதும் சுவிட்சை அணைத்த பிறகுதான். பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

படங்கள் வெளியே வந்த விதம்

5 வோல்ட் அடாப்டர் ஒன்றைப் பெரியவர் தேடிக் கொடுத்தார். மீட்டரில் அளந்தோம், கூட்டல் கழித்தலைப் பார்த்தோம், பிறகுதான் மாட்டினோம். பள்ளியின் பழைய கணினியில் விண்டோஸ் 98 இன்னும் உயிரோடு இருந்தது. நான்கு தட்டுகளில் ஒன்று பூஞ்சை பிடித்துத் திறக்கவே மறுத்தது. மூன்று திறந்தன. படங்களை அந்தக் கணினியின் வன்தட்டுக்கு மாற்றினேன்.

அங்கிருந்து மடிக்கணினிக்குக் கொண்டுவர வன்தட்டையே கழற்றி, யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றில் மாட்டினோம். இதிலும் முனை அறிவு வேண்டியிருந்தது. அந்த வகை வன்தட்டில் 40 ஊசிக்கு இடம். 20-ஆம் ஊசியை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். தலைகீழாக மாட்டாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பட்டை வயரின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு 1-ஆம் எண்ணின் பக்கம். நான்கு வயர் மின்சாரப் பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் எர்த்.

அந்த மாணவரை வரச் சொன்னேன். மகளையும் அழைத்து வந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனோம். சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், கொடி பிடித்த பிள்ளைகள். ஒரு படத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"சார், நிறுத்துங்க."

பரிசு மேசையின் பின்னால் ஒரு பெண்மணி. தலையில் துண்டு, ஒரு கையில் சிராப் தண்ணீர் வாளி, இடுப்பில் யாருடைய குழந்தையோ. படக்கருவியைப் பார்க்கவில்லை. பாதி முகம்தான் தெரிந்தது.

"இதுதான் பாட்டி" என்றார் மகளிடம். வேறொன்றும் பேசவில்லை. சிறுமி திரையின் அருகே போய் வெகுநேரம் பார்த்தாள். "பாட்டி வச்சிருக்கிறது யாரு, நீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "நான் அப்போ ஓடிக்கிட்டு இருந்தேன்மா" என்றார்.

திறக்காத நான்காம் தட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதை எறியவில்லை. அதற்கும் ஒரு வழி பிறக்கலாம்.

இன்றே செய்யுங்கள்

வாசக அன்பர்களே, இரண்டு வேலைகளை உங்களிடம் கேட்கிறேன்.

ஒன்று: இன்று மாலையே வீட்டிலுள்ள அடாப்டர்களை எடுத்து, எது எந்தக் கருவிக்கு உரியது என்று தாளில் எழுதி நாடாவால் ஒட்டுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். நல்ல எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. கருவியை மாற்றும்போது அதன் அடாப்டரையும் வயரையும் கூடவே கட்டி வையுங்கள்.

இரண்டு: பழைய தட்டுகள், நாடாக்கள், வன்தட்டுகள் இருந்தால் குப்பைக்குப் போடுமுன் விசாரியுங்கள். தோட்டங்கள் போயின, லயங்கள் போயின. நம் மக்கள் அங்கே வாழ்ந்ததற்கான படங்கள் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்தான் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுப்பத் தெரிந்தவர்கள் உங்கள் பட்டணத்திலும் இருப்பார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன், ஒரு கருவி எரிந்தது. நீங்கள் முதலில் எழுத்தைப் படியுங்கள். அடுத்து எண்ணிப் பாருங்கள். பிறகு அளந்து பாருங்கள். கடைசியாகத்தான் பிளக்கை மாட்டுங்கள்.